சிங்கப்பூரில் வீடு தேடும் முன், வண்டி மாறும் இடத்தைப் பாருங்கள்

வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து இறங்கும் நம் ஊர்க்காரர்கள் முதல் வாரத்தில் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எம்ஆர்டி பக்கத்துல வீடு கிடைக்குமா?" எம்ஆர்டி என்பது இங்கே ஓடும் நகர ரயில். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அது பாதிக் கேள்விதான். அந்த நிலையம் எந்தப் பாதையில் இருக்கிறது, அலுவலகத்துக்குப் போக எங்கே மாற வேண்டும், மாறுகிற இடத்தில் எவ்வளவு நடக்க வேண்டும் என்று கேட்டால்தான் உங்கள் காலைப்பொழுது எப்படிக் கழியும் என்று தெரியும்.

நம் ஊரில் வண்டி மாறினால் இன்னொரு டிக்கெட். அதனால் சுற்றிப் போனாலும் பரவாயில்லை, நேரே போகிற பஸ்தான் வேண்டும் என்று நின்று பழகிவிட்டோம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. எம்ஆர்டி, எல்ஆர்டி எனப்படும் இலகு ரயில், பேருந்து எல்லாம் சேர்ந்து ஒரே பயணம். 2010 ஜூலையிலிருந்து கட்டணம் மொத்தத் தூரத்துக்குத்தான். எத்தனை வண்டி ஏறினீர்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. மாறுவதற்குக் காசு இல்லை, காலும் நேரமும்தான் செலவு. கீழே சொல்வதெல்லாம் அந்தச் செலவைக் குறைக்கும் வழிகள்.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. இங்கே நகரமும் நாடும் ஒன்றே. மொத்தப் பரப்பு 700 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதில் சுமார் 12 விழுக்காடு சாலைகளுக்கும் 14 விழுக்காடு வீடுகளுக்கும் போகிறது என்று அரசாங்கத் திட்ட ஆவணங்கள் சொல்கின்றன. ஆளுக்கொரு கார் என்று விட்டால் வீடு கட்ட இடம் மிஞ்சாது. அதனால் 1971ஆம் ஆண்டு நிலப் பயன்பாட்டுத் திட்டத்திலேயே புதுநகரங்களையும் அவற்றை இணைக்கும் தடங்களையும் சேர்த்தே வரைந்தார்கள். 1995இல் வாகனப் பதிவகம், ரயில் கழகம், பொதுப்பணித் துறையின் சாலைப் பிரிவு ஆகியவற்றை ஒன்றாக்கி நிலப் போக்குவரத்து ஆணையம் அமைந்தது. பேருந்துத் தடங்களை வகுக்கும் வேலையும் பிறகு அதன் கைக்கே வந்தது. ரயிலைப் போட்டவர்கள்தான் பேருந்தையும் வகுக்கிறார்கள் என்பதால் ஒன்றில் இறங்குகிற இடத்தில் இன்னொன்று காத்திருக்கிறது. 2019இல் வந்த 2040க்கான பெருந்திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டிலிருந்து பக்கத்து வட்டார மையத்துக்கு 20 நிமிடம், உச்ச நேரத்தில் வேலைக்குப் போகும் பயணங்களில் பத்தில் ஒன்பது 45 நிமிடத்துக்குள் என்று இலக்கு வைத்திருக்கிறது. நடையையும் மிதிவண்டியையும் பேருந்தையும் ரயிலையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. நீங்கள் வீடு பார்க்கும்போது போட வேண்டிய கணக்கும் இதேதான்.

அட்டை

இது சின்ன வேலை, சீக்கிரம் முடித்துவிடலாம். தட்டிச் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டை இருந்தால் அதையே பயன்படுத்தலாம். வெளிநாட்டு வங்கி அட்டை என்றால் கூடுதல் கட்டணம் சேரும்; அதனால் இங்கே வங்கிக் கணக்கு திறக்கும் வரை நிலையத்தில் ஒரு பயண அட்டை வாங்கிக்கொள்வது மேல். ஆளுக்கு ஓர் அட்டை கட்டாயம். கணவனும் மனைவியும் ஒரே அட்டையை மாற்றி மாற்றித் தட்ட முடியாது.

ஒரு பயணம் முழுக்க ஒரே பொருளைத் தட்டுங்கள். ஏறும்போது கைபேசி, இறங்கும்போது அட்டை என்றால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் கருவிக்கு அது இரண்டு வெவ்வேறு ஆள். பேருந்தில் இறங்கும்போதும் தட்ட வேண்டும் என்பதை நம் ஊரிலிருந்து வருபவர்கள் மறந்துவிடுவார்கள். தட்டாமல் இறங்கினால் அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம் பிடிக்கப்படும். அப்புறம், பேருந்து தானாக நிற்கும் என்று நிற்காதீர்கள். உங்கள் எண் வரும்போது கையை நீட்டுங்கள். இறங்குவதற்கு முன் மணியை அழுத்துங்கள்.

ஒரே பயணம் என்பதன் விதி

மாறுவது இலவசம் என்றேன், அதற்குச் சில எல்லைகள் உண்டு. ஒரு பயணத்துக்குள் அதிகபட்சம் 5 முறை மாறலாம். எல்லாம் 2 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். ஒன்றில் இறங்கி அடுத்ததில் ஏற 45 நிமிட அவகாசம். ஒரு ரயில் நிலையத்தில் வெளியேறி இன்னொரு ரயில் நிலையத்தில் நுழைவதென்றால் 15 நிமிடம்தான். இறங்கிய அதே எண் பேருந்தில் அடுத்ததாக ஏறினாலோ, வெளியேறிய அதே ரயில் நிலையத்துக்குள் திரும்ப நுழைந்தாலோ அது புதிய பயணம்.

இதைத் தேக்காவில் வைத்துப் பார்க்கலாம். மாலையில் வேலை முடிந்து லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்குகிறீர்கள். மேலே ஏறினால் தேக்கா சந்தை. முருங்கைக்கீரை ஒரு கட்டு, கொஞ்சம் மீன், முடிந்தால் நின்றபடி ஒரு டீ. பையோடு திரும்ப அதே நிலையத்துக்குள் போனால் முதலிலிருந்து கட்டணம் தொடங்கும். அதற்குப் பதில் சிராங்கூன் ரோட்டிலோ புக்கிட் தீமா ரோட்டிலோ உங்கள் வீட்டுப் பக்கம் போகும் பேருந்து இருந்து, 45 நிமிடத்துக்குள் ஏறிவிட்டால் முந்தைய பயணத்தின் தொடர்ச்சிதான். மீன்காரரிடம் பேரம் பேசி நேரத்தைப் போக்காதீர்கள், அவ்வளவுதான். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெற்றோருக்கும் இந்த 45 நிமிடம் பெரிய வரம். ஆனால் பள்ளிக்கு வந்த எண்ணிலேயே தொடர்ந்து போகக் கூடாது, வேறு எண்ணில் ஏற வேண்டும்.

வரைபடத்தை வாசிக்கும் முறை

ரயில் வரைபடத்தைப் பார்த்து நூல்கண்டு சிக்கல் என்று மலைக்க வேண்டாம். அது உருவான வரிசையில் வாசித்தால் எளிது.

முதல் ரயில் 1987 நவம்பர் 7 அன்று இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை ஐந்தே நிலையங்களுக்கு இடையே ஓடியது. அதற்கு முன்னால் பெரிய விவாதம் நடந்தது. ரயிலே வேண்டாம், பேருந்துகளை ஒழுங்காக விட்டாலே போதும் என்று ஹார்வர்டிலிருந்து வந்த நிபுணர் குழு சொன்னது. ரயில் வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் அப்போது போக்குவரத்தைக் கவனித்த அமைச்சர் ஓங் டெங் சியோங். பின்னாளில் அவர் அதிபரானார். 1982இல் ரயில் பக்கம் முடிவானது. சிவப்பு நிற வடக்கு–தெற்குப் பாதையும் பச்சை நிறக் கிழக்கு–மேற்குப் பாதையும் அந்தக் காலத்து முதுகெலும்பு. இரண்டும் நகர மையத்துக்குள் வந்து போகின்றன.

2003இல் ஊதா நிற வடகிழக்குப் பாதை வந்தது. அதுவும் மையத்தை நோக்கித்தான். எல்லாமே மையத்தை நோக்கி ஓடினால், ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போகிறவரும் நடு ஊருக்குள் வந்துதான் திரும்ப வேண்டும். அந்தச் சுமையைக் குறைக்க வந்தது 2009 முதல் கட்டம் கட்டமாகத் திறந்த ஆரஞ்சு நிற வட்டப் பாதை. பிறகு 2013இலிருந்து நீல நிற டௌன்டவுன் பாதை, 2020இலிருந்து பழுப்பு நிறத் தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதை. ஆக ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: சிவப்பு, பச்சை, ஊதா மூன்றும் உங்களை நகரத்துக்குக் கொண்டுபோகும், ஆரஞ்சு உங்களை நகரத்தைத் தொடாமல் பக்கவாட்டில் கடத்திவிடும். அலுவலகம் நகர மையத்தில் இல்லை என்றால் வட்டப் பாதைக்கு எவ்வளவு விரைவில் போய்ச் சேரலாம் என்று பாருங்கள்.

பேருந்துகள் இந்த எலும்புக்கூட்டைச் சுற்றி அமைந்தவை. வடகிழக்குப் பாதை திறந்தபோது அதற்கு இணையாக ஓடிய சில பேருந்துச் சேவைகளைக் குறைத்தார்கள், மக்கள் முணுமுணுக்கவும் செய்தார்கள். இன்றைக்கும் நீளத் தடங்கள் சில ஓடுகின்றன. என்றாலும் பெரும்பாலும் பேருந்தின் வேலை உங்களை ரயிலடிக்குக் கொண்டுபோய் விடுவதும், ரயில் போகாத குறுக்குத் தடங்களை இணைப்பதும்தான்.

மாறும் இடங்களைத் தரம் பிரியுங்கள்

இதுதான் முக்கியமான வேலை, இதில் அவசரப்படாதீர்கள். வரைபடத்தில் எல்லாச் சந்திப்பு நிலையங்களும் ஒரே மாதிரிப் புள்ளியாகத்தான் தெரியும். காலுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

நல்ல சந்திப்பு என்றால் சிட்டி ஹாலும் ராஃபிள்ஸ் பிளேஸும். இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள். சிவப்பும் பச்சையும் ஒரே மேடையின் இரு பக்கங்களில் வந்து நிற்கும். இறங்கி எதிர்ப்பக்கம் நாலு எட்டு வைத்தால் அடுத்த ரயில். சில திசைகளுக்குச் சிட்டி ஹாலில் மாறுவது சுலபம், சில திசைகளுக்கு ராஃபிள்ஸ் பிளேஸில். ரயிலுக்குள் வரும் அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்டால் எது உங்களுடையது என்று தெரிந்துவிடும். 1980களிலேயே இப்படி யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அடுத்த வகை, உள்ளேயே நீளமாக நடக்க வைப்பவை. தோபி காட்டில் மூன்று பாதைகள் சந்திக்கின்றன, ஆனால் சிவப்பிலிருந்து ஊதாவுக்குப் போக நகரும் படிகள் பலவற்றில் இறங்க வேண்டும். சிராங்கூனில் ஊதாவிலிருந்து ஆரஞ்சுக்கு நீண்ட சுரங்க நடை. காலை எட்டரை மணிக்கு அந்த நடைபாதையில் கூட்டம் நகரும் வேகத்தில்தான் நீங்களும் நகர முடியும். பின்னாலே கட்டிய பாதைகள் முன்னாலே கட்டியவற்றுக்குக் கீழேயும் பக்கத்திலேயும் இடம் தேடிப் போயிருக்கின்றன, வேறு வழியில்லை.

மூன்றாவது, வெளியே போய் உள்ளே வரவேண்டியவை. தெம்பனிஸில் பச்சையிலிருந்து நீலத்துக்கும், நியூட்டனில் சிவப்பிலிருந்து நீலத்துக்கும், புக்கிட் பாஞ்சாங்கில் இலகு ரயிலிலிருந்து நீலத்துக்கும் மாற வேண்டுமென்றால் வாயிலில் தட்டி வெளியேறி, நடந்து, திரும்பத் தட்டி நுழைய வேண்டும். மேலே சொன்ன 15 நிமிட விதி இங்கேதான் வேலை செய்கிறது. வழியில் கடைக்குள் நுழைந்து நேரத்தைத் தாண்டிவிட்டால் புதுப் பயணம்.

நான்காவது, ரயிலும் பேருந்தும் சந்திக்கும் இடம். ஒருங்கிணைந்த போக்குவரத்து மையம் என்று ஒரு வகை உண்டு: கீழே ரயில், பக்கத்தில் குளிரூட்டப்பட்ட பேருந்துச் சந்திப்பு நிலையம், மேலே கடைத்தொகுதி. இந்த வகையில் முதலாவது தோ பாயோ, 2002இல் வந்தது. அங் மோ கியோ, பூன் லே, பிடோக், ஈசூன், உட்லண்ட்ஸ் என்று இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. மழையில் நனையாமல், சாலையைக் கடக்காமல் மாறிவிடலாம். பேருந்து அங்கேயே தொடங்குவதால் உட்கார இடமும் கிடைக்கும். இதற்கு மாறாகச் சில நிலையங்களில் வெளியே வந்து, மேம்பாலம் ஏறி இறங்கி, எதிர்ப்பக்க நிறுத்தத்தில் ஏற்கெனவே நிரம்பி வரும் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். தூரத்தில் இருக்கும் போக்குவரத்து மையத்துக்கு அருகே வீடு எடுப்பதா, நகரத்துக்கு நெருக்கமாக ஆனால் இப்படிப்பட்ட நிலையத்தருகே எடுப்பதா என்றால், நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

சும்மா சொன்னால் பிடிபடாது. கணவனுக்கு எக்ஸ்போ நிலையத்தருகே சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை, மனைவிக்கு ஒன்–நார்த்தில் வேலை என்று வைத்துக்கொள்வோம். நம்மவர்களில் தகவல் தொழில்நுட்ப வேலைக்கு வருபவர்கள் பலருக்கு இந்த இரண்டு இடங்களில் ஒன்று வாய்க்கும். வாடகை ஒத்துவரும் வீடு தெம்பனிஸில் ஒன்று, செங்காங்கில் ஒன்று.

தெம்பனிஸிலிருந்து எக்ஸ்போவுக்கு நீலப் பாதையில் மூன்றாவது நிறுத்தம், மாற்றமே இல்லை. ஆனால் வீடு தெம்பனிஸில் பச்சைப் பாதை நிலையத்தை ஒட்டி இருந்தால் ஆள் பழக்கத்தில் பச்சையில் ஏறி, தானா மேராவில் இறங்கி, கிளைப் பாதை ரயிலுக்குக் காத்திருப்பார். சில நிமிட நடையில் நீலப் பாதை இருப்பதைப் பல மாதம் கழித்துக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. மனைவிக்குத் தெம்பனிஸிலிருந்து பச்சையில் போனா விஸ்தா வரை, அங்கே ஆரஞ்சுக்கு மாறி ஒரே ஒரு நிறுத்தம். ஒரு மாற்றம்தான், ஆனால் தீவின் கிழக்கிலிருந்து மேற்குவரை 19 நிறுத்தங்கள். ஏறும்போது உட்கார இடம் கிடைத்தால் தூங்கிக்கொண்டே போகலாம். தெம்பனிஸ், பாசிர் ரிஸ்ஸுக்கு அடுத்த நிலையம் என்பதால் ஓரளவு கிடைக்கவும் செய்யும்.

செங்காங்கிலிருந்து மனைவிக்கு: ஊதாவில் நாலு நிறுத்தம், சிராங்கூனில் அந்த நீள நடை, ஆரஞ்சில் ஒன்பது நிறுத்தம், நேரே ஒன்–நார்த். நகர மையத்தைத் தொடவே இல்லை. கணவனுக்கு: ஊதாவில் சிராங்கூன், ஆரஞ்சில் மெக்பர்சன், அங்கே நீலம், அதில் ஒன்பது நிறுத்தம் எக்ஸ்போ. இரண்டு மாற்றங்கள். இத்தோடு வீடு செங்காங் நிலையத்தருகே இல்லாமல் இலகு ரயில் நிலையத்தருகே இருந்தால் இருவருக்குமே இன்னும் ஒரு மாற்றம் கூடும்.

ஆக, மனைவிக்குச் செங்காங், கணவனுக்குத் தெம்பனிஸ். இருவரின் மாற்றங்களையும் கூட்டிப் பார்த்தால் தெம்பனிஸில் ஒன்று, செங்காங்கில் மூன்று. என் தீர்ப்பு தெம்பனிஸ். பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தால், பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறவருக்கு எது சுலபமோ அதற்கு இரட்டை மதிப்பு கொடுத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு தாளில் வீடு, வேலை, பள்ளி, கோயிலோ மசூதியோ, வாரச் சாமான் வாங்கும் இடம் ஆகியவற்றை எழுதி, இடையில் மாறும் இடங்களை மட்டும் வட்டமிடுங்கள். வட்டம் குறைவான வீடு எதுவோ அதை முதலில் போய்ப் பாருங்கள்.

கடைசி அரை கிலோமீட்டர்

வீட்டு முகவர் "ஸ்டேஷனுக்கு அஞ்சு நிமிஷம்" என்பார். அவர் நடக்கிற வேகம் வேறு, பையும் பிள்ளையுமாக நீங்கள் நடக்கிற வேகம் வேறு. முடிந்தால் மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள். இங்கே அதற்கு அதிகம் காத்திருக்க வேண்டியிருக்காது. எம்ஆர்டி நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை பள்ளி, மருந்தகம் போன்ற இடங்களுக்குக் கூரையுள்ள நடைபாதை போடும் திட்டம் ஒன்று நடந்து, 200 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். பேருந்துச் சந்திப்பு நிலையம், இலகு ரயில் நிலையம் என்றால் 200 மீட்டர். அந்த வட்டத்துக்குள் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகளில் கீழ்த்தளத்தின் வழியாகவே நனையாமல் நடந்து வந்துவிடலாம். கூரை எந்த இடத்தில் முடிகிறது, உங்கள் புளோக் அதற்கு உள்ளா வெளியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வட்டாரப் பேருந்துகள் பல சுற்றித் திரும்புபவை. சந்திப்பு நிலையத்தில் புறப்பட்டுக் குடியிருப்பைச் சுற்றி அங்கேயே வந்து முடியும். சாலையின் தப்பான பக்கத்தில் ஏறினால் ஊரெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்வீர்கள். நிறுத்தங்களின் பெயர்களும் "புளோக் இன்னது", "புளோக் இன்னதுக்கு எதிரே" என்று இரட்டைப் பிள்ளைகளாக இருக்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. வீட்டுக்கு அருகே இருக்கும் இரண்டின் எண்களையும் கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் என்று செயலியில் பார்த்துவிட்டு வீட்டிலிருந்தே புறப்படலாம். செங்காங், பொங்கோல் இலகு ரயில்களும் வட்டமாகத்தான் ஓடுகின்றன. எந்தத் திசையில் ஏறினாலும் போய்ச் சேரலாம், ஆனால் ஒன்று குறுக்கு, ஒன்று சுற்று.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்குவார்கள் என்றால் மின்தூக்கி எந்த வெளிவாசலில் இருக்கிறது என்று முன்கூட்டியே பாருங்கள். எல்லா வாசலிலும் இருக்காது. சக்கர நாற்காலி பேருந்தில் ஏறுவதற்கு ஓட்டுநர் சாய்தளத்தைப் போட்டுத் தருவார், தயங்காமல் கேளுங்கள். மடக்கு மிதிவண்டியை அளவுக்குள் இருந்தால் ரயிலிலும் பேருந்திலும் கொண்டுபோகலாம். மின்ஸ்கூட்டரை நடைபாதையில் ஓட்ட 2019 நவம்பரிலிருந்து தடை, அதை நம்பி வீட்டைத் தூரத்தில் எடுக்காதீர்கள்.

"இங்கே புது ஸ்டேஷன் வருது"

முகவர்களின் இன்னொரு வசனம் இது. உண்மையாகவே வரலாம். ஆனால் எப்போது என்பதில்தான் விஷயம். வடகிழக்குப் பாதை 2003இல் திறந்தபோது புவாங்கோக் நிலையம் கட்டி முடிந்திருந்தது. அங்கே இறங்க ஆள் போதாது என்று மூடியே வைத்தார்கள். ரயில்கள் நிற்காமல் கடந்து போயின. 2005இல் அமைச்சர் ஒருவர் அந்தப் பகுதிக்கு வந்த நேரத்தில், யாரோ அட்டையில் வெட்டிய வெள்ளை யானைகளை நிலையத்துக்கு வெளியே நட்டு வைத்தார்கள். பணத்தைக் கொட்டிக் கட்டிவிட்டுச் சும்மா வைத்திருக்கிறீர்களே என்று அர்த்தம். 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. அதே பாதையில் உட்லீ நிலையம் 2011 வரை காத்திருந்தது. வட்டப் பாதையில் புக்கிட் பிரவுன் என்று ஒரு நிலையம் வெறும் கூடாக நிற்கிறது. ரயில் அதைத் தாண்டித்தான் போகிறது.

திட்டமிடுகிறவர்கள் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. சுரங்கம் தோண்டும்போதே நிலையத்துக்கு இடம் விட்டுவிட்டால், பிறகு ஓடும் பாதையை நிறுத்திக் கட்ட வேண்டியதில்லை. அவர்கள் 30 ஆண்டு தள்ளிப் பார்க்கிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போடப்போவது இரண்டு ஆண்டு வாடகை ஒப்பந்தம். ஆகையால் இன்று ஓடுகிற ரயிலுக்கு மட்டும் வாடகை கொடுங்கள். சொந்தமாக வாங்கப் போகிறவர்கள் வேறு கணக்குப் போடலாம்.

நேரமும் மாற்றுவழியும்

வேலைநாளில் காலை 7:45க்கு முன் ரயில் நிலையத்தில் நுழைந்துவிட்டால் கட்டணத்தில் 50 காசு வரை தள்ளுபடி. பணத்தைவிட நிற்க இடம் கிடைப்பதுதான் பெரிய லாபம். ரயில்கள் விடிகாலை ஐந்தரையை ஒட்டித் தொடங்கி நள்ளிரவை ஒட்டி முடிகின்றன. தீபாவளி, சீனப் புத்தாண்டு போன்ற பண்டிகைகளுக்கு முதல் நாள் இரவு நேரத்தை நீட்டிப்பார்கள். முன்பு வார இறுதிகளில் ஓடிய இரவுப் பேருந்துகள் இப்போது இல்லை. கடைசி ரயிலுக்குப் பிறகு டாக்சிதான். நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை மீட்டர் கட்டணத்தின்மேல் பாதி கூடும். இரவு வேலை பார்ப்பவர்கள் வீடு பார்க்கும்போது இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ரயில் பழுதாகும் நாளும் வரும். 2024 செப்டம்பர் 25 அன்று கிழக்கு–மேற்குப் பாதையில் கோளாறு ஏற்பட்டு, ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் போனா விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் ரயில் ஓடவில்லை. இலவசப் பேருந்துகள் விட்டார்கள், வரிசைகள் நீண்டன. மேற்கே இருந்து வருபவர்களில் வேறு பேருந்துத் தடம் தெரிந்தவர்கள் அதில் போனார்கள். வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே ஒரு சனிக்கிழமை, ரயிலைத் தொடாமல் வேலை இடத்துக்குப் பேருந்திலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். நேரம் அதிகம்தான் ஆகும். ஆனால் எண்ணும் நிறுத்தமும் மனதில் பதிந்துவிடும். ஊரும் கண்ணில் படும்.

ஜோகூரும் படகும்

வரைபடத்தின் ஓரங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. எல்லைக்கு அப்பால் மலேசியாவில் இருக்கும் ஜோகூர் பாருவுக்கு வார இறுதியில் சாமான் வாங்கப் போகிறவர்கள் இப்போதைக்கு 160, 170, 950 போன்ற பேருந்துகளில் காஸ்வே தரைப்பாலம் வழியாகப் போகிறார்கள். குடிநுழைவுச் சோதனைக்கு இறங்கி, அப்புறம் மறுபடி வரிசையில் நின்று ஏற வேண்டும். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருவின் புக்கிட் சாகருக்கு 4 கிலோமீட்டர் ரயில் இணைப்பு ஒன்றுக்கு 2026 இறுதியை இலக்காக வைத்து வேலை நடந்தது. அதில் இரு நாட்டுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும் என்பது ஏற்பாடு. தாம்சன்–ஈஸ்ட் கோஸ்ட் பாதையும் உட்லண்ட்ஸ் நார்த்தில்தான் தொடங்குகிறது, ஆகவே அந்தப் பழுப்புப் பாதையில் வீடு எடுப்பவர்களுக்கு ஜோகூர் ஒரு மாற்றத்தில் கிடைக்கும்.

புலாவ் உபின் தீவுக்குப் போக சாங்கி கிராமத்துப் பேருந்து முனையத்தில் இறங்கி, பக்கத்திலேயே இருக்கும் சாங்கி பாயிண்ட் படகுத்துறைக்கு நடக்க வேண்டும். இந்தப் படகுக்குக் கால அட்டவணை இல்லை. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், சேராவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது மீதி ஆட்களுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். பயண அட்டை இங்கே செல்லாது. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.